காட்சிக் களத்தில் நாட்டு மட்டக்குதிரை: வாசகர் கேள்வி – பதில்

குதிரைகளை நடுவர் முன் நிறுத்தியும் ஓட்டியும் காட்டிப் பரிசுக்குப் போட்டியிடும் கோடைக் காட்சிகள் பிரிட்டனில் தொடங்கும் காலம் இது. அங்கே மட்டக்குதிரை வளர்க்கும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் காட்சிக் களத்தைப் பற்றியவற்றை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் மகளுக்காக ஏழு வயதுள்ள ஃபெல் இனப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஜூலையில் முதன்முறையாக ஒரு காட்சிக்கு அழைத்துச் செல்ல எண்ணம். பிடரியைப் பின்னிவிட வேண்டும், காலில் தொங்கும் மயிரைக் கத்தரித்தால்தான் கால் எடுப்பாகத் தெரியும், குளம்புக்குக் கறுப்புச் சாயம் பூச வேண்டும் என்று லாயத்தில் உள்ளவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது? – வாசகி, லீட்ஸ்

மூன்றில் எதையும் செய்ய வேண்டாம். உங்கள் லாயத்தார் சொல்வது தவறான யோசனை என்று சொல்லிவிட முடியாது. அது வேறு வகைக் குதிரைக்கு உரிய யோசனை. நேர்த்தியாகப் பின்னிய பிடரியும் மழித்த கால்களும் ஹேக், ரைடிங் போனி போன்ற, நளினமான சவாரிக் குதிரைகளுக்கான வகுப்புகளுக்கு (காட்சியின் போட்டிப் பிரிவுகளுக்கு)ப் பொருந்தும். ஷெட்லாண்ட், ஹைலாண்ட், ஃபெல், டேல்ஸ், எக்ஸ்மோர், டார்ட்மோர், நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ், மேற்கு அயர்லாந்தின் கானமாரா ஆகிய ஒன்பது இனங்களும் 'மவுன்டன் அண்ட் மூர்லேண்ட்' என்ற தலைப்பின்கீழ் வருபவை. மலைச்சரிவிலும் மேட்டுத் தரிசிலும் மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து வாழ்ந்த இனங்கள் என்பதால், அந்த வாழ்க்கை உடலில் விட்டுச்சென்ற அடையாளங்களைத்தான் நடுவர் தேடுகிறார். அவற்றை நாமே கத்தரித்து எறிந்துவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்?

ஃபெல் இனத்தின் தரவிதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முன்னங்காலின் முட்டிக்குக் கீழே எலும்பின் சுற்றளவு குறைந்தது 8 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. குளம்பு உருண்டு, குதிப்பக்கம் விரிந்து, இந்த இனத்துக்கே உரிய நீலம் பாய்ந்த கொம்புப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது. இப்போது கறுப்புச் சாயத்தை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் வாங்கித் தரக்கூடிய அந்த நீல நிறத்தை நம் கையாலேயே மூடிவிடுகிறோம். குளம்பைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் நிறமற்ற குளம்பு எண்ணெயை மெல்லிதாகத் தடவினால் போதும்.

கால் மயிர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. குதிகாலில் மென்மையான மயிர் நிறைய இருக்க வேண்டும், முரட்டு மயிர் ஆகாது என்று சொல்லும் அதே விதி, குதிகாலின் முனையில் இருப்பதைத் தவிர மற்ற மென்மயிர் கோடையில் உதிரலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஜூலையில் உங்கள் குதிரையின் கால் சற்று மெலிந்து தெரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது மயிருக்கு அடியில் உள்ள தோலைப் பற்றி. நுண்ணிய சிற்றுண்ணிகள் அங்கே குடியேறினால் குதிரை காலை ஓயாமல் தரையில் அடிக்கும், ஒரு காலை மற்றொரு காலால் சொறியும். ஈரம் தங்கினால் சேற்றுப் புண் வரும். மயிரை விரல்களால் பிரித்து வாரம் தவறாமல் பாருங்கள். பொருக்கு தென்பட்டால் காட்சி வரட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குளிப்பாட்டும் நாளையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சோப்பு நுரை தோலின் இயற்கை எண்ணெயைக் கழுவிவிடும் என்பதால், உடம்பைக் காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவும், வாலையும் கால் மயிரையும் முந்தைய நாளிலும் அலசுவது நல்லது. பிடரியைச் சீப்பால் இழுத்து வாராமல், சிக்கல்களை விரலால் பிரித்துவிடுங்கள். நீண்ட வால் மயிர் ஒன்று அறுந்தால் அதே நீளத்துக்கு மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும்.

எல்லா நாட்டு இனத்துக்கும் இதே அளவுகோல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேல்ஸ், ஹைலாண்ட் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ இதே கட்டுப்பாடு. கானமாரா, நியூ ஃபாரஸ்ட், சிறிய வெல்ஷ் வகைகள் ஆகியவற்றில் பிடரியைக் கையால் சற்று மெலிதாக்குவதும், தாடையிலும் குதிகாலிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை அடக்குவதும் வழக்கத்தில் உள்ளவை. எந்த இனமாக இருந்தாலும் அந்த இனச் சங்கத்தின் விதியே முடிவானது.

என்னுடைய எக்ஸ்மோர் ஆண்குதிரையின் நெற்றியில் சிறு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. களத்துக்குப் போகும்போது மட்டும் அதைச் சாயத்தால் மறைக்கலாமா? – வாசகர், டான்டன்

கூடாது. எக்ஸ்மோர் இனத்தில் உடம்பின் எந்த இடத்திலும் வெள்ளை அடையாளம் இருக்கக் கூடாது என்பது தரவிதி. அதை மறைத்துக் காட்டுவது அலங்காரம் ஆகாது, ஏமாற்று ஆகும். குதிரை நல்ல நடையுடையது என்றால் இனத்தூய்மை கேட்கப்படாத சவாரிப் போட்டிகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே அதன் நெற்றியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கூடவே ஒன்று: முகவாயிலும் கண்ணைச் சுற்றியும் மாவு தூவியது போல் இருக்கும் வெளிர்நிறம் இந்த இனத்தின் முத்திரை. அதன்மேல் பளபளப்புக்காக எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தடவினால் வெளிர்நிறம் கறுத்துப்போகும்.

வீட்டில் அழகாக நிற்கும் என் கானமாராப் பெட்டை, களத்தில் நடுவர் வந்ததும் ஒரு காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறது அல்லது தலையைத் திருப்பிக்கொண்டு மற்றக் குதிரைகளைப் பார்க்கிறது. கையில் பிடித்துக் காட்டும் வகுப்பில் எப்படி நிறுத்துவது, எப்படி ஓட்டிக் காட்டுவது என்று விளக்க முடியுமா? – வாசகி, ஷ்ரூஸ்பரி

நிறுத்தும் முறையின் நோக்கம் ஒன்றுதான்: பக்கவாட்டில் நின்று பார்க்கும் நடுவருக்கு நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதற்காக, அவர் பக்கத்து முன்னங்கால் சற்று முன்னாலும் அதே பக்கத்துப் பின்னங்கால் சற்றுப் பின்னாலும் இருக்க, மறுபக்கத்துக் கால்கள் இரண்டும் அவற்றுக்கு இடையில் தெரியும்படி நிறுத்துகிறோம். அவர் சுற்றிவந்து மறுபக்கம் பார்க்கும்போது ஓர் அடி நகர்த்தி அந்தப் பக்கத்துக்கு ஏற்ப மாற்றிவிட வேண்டும். பின்னங்காலைச் சரிசெய்ய அதைக் குனிந்து தூக்கி வைக்கக் கூடாது. தலைக்கயிற்றை மிக லேசாகப் பின்னுக்கு அழுத்தினால் ஒரு கால் பின்வாங்கும், முன்னே தளர்த்தினால் ஒரு கால் முன்வரும். இந்த அரையடி நகர்வைத்தான் வீட்டில் பழக்க வேண்டும். தரையையும் பாருங்கள். முன்னங்கால் பள்ளத்தில் நின்றால் முதுகு சரிந்து தோள் கனத்துத் தெரியும். ஒரு விரற்கடை மேடு கிடைத்தாலும் முன்னங்கால்களை அதன்மேல் வைத்துவிடுங்கள்.

வீட்டில் நிற்பது களத்தில் நிற்காததற்குப் பெரும்பாலும் குதிரை காரணமல்ல. ஒரே முற்றத்தில், ஒரே சிமென்டுத் தரையில் பழக்கியிருப்போம். களத்திலோ சரிவான புல்தரை, ஒலிபெருக்கி, அறியாத குதிரைகள். காட்சிக்கு முன்பே அதை வேற்றிடங்களுக்கு அழைத்துச் சென்று, வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திக் காட்டி, உடனே விடுவியுங்கள். நிற்கும் நேரம் குறைவாக இருக்க இருக்கக் கவனம் கூர்மையாக இருக்கும். களத்திலும் இதுவே வழி: வரிசையில் உங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருக்கும்போது குதிரையை இளைப்பாற விடுங்கள், உங்களுக்கு முந்தையவர் ஓட்டிக் காட்டத் தொடங்கும்போது எழுப்பிச் சீர்செய்யுங்கள். நுழைந்த கணம் முதல் வெளியேறும்வரை கயிற்றைச் சுண்டிக்கொண்டே இருப்பவரின் குதிரைதான், நடுவர் வந்து நிற்கும் அந்த நேரத்தில் சலித்துப்போய்க் காலை மடக்குகிறது. காதுகள் முன்னோக்கி நிமிர ஒரு பிடி புல் போதும். பையைச் சலசலக்கும் வித்தைகள் பக்கத்துக் குதிரையையும் கலைக்கும்.

ஓட்டிக் காட்டும்போது குதிரையின் தோளுக்கு நேராக ஓடுங்கள், முன்னால் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கயிறு சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். தலையை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் நேராக நடக்கும் குதிரையும் கோணலாக நடப்பதாகத் தெரியும். முன்பாதத்தை வெளிப்புறமாக வீசுகிறதா, ஒரு காலின் குறுக்கே மறுகாலை வைக்கிறதா என்பதையெல்லாம் குதிரை தன்னை விட்டு விலகிப் போகும்போதும் தன்னை நோக்கி வரும்போதும் நடுவர் அளந்துகொள்கிறார். திருப்பும் இடத்தில் குதிரையை உங்களிடமிருந்து விலக்கி வலப்பக்கமாகத் திருப்புங்கள். வெளிவட்டத்தில் நடப்பவர் நீங்களாக இருக்க வேண்டும். அப்போது அதன் சமநிலை குலையாது, உங்களுடைய காலும் மிதிபடாது.

கானமாரா வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெல்ஷ் இனத்தின் பெரிய வகையான வெல்ஷ் காப் ஓடும்போது கூட்டம் கைதட்டுவதைப் பார்த்துவிட்டு அந்த உயர்ந்த முட்டியசைவை எல்லாக் குதிரையிடமும் எதிர்பார்க்கிறார்கள். கானமாராவிடம் நடுவர் எதிர்பார்ப்பது தரையைத் தழுவி நீளும் தங்குதடையற்ற நடை. வேகத்தைக் கூட்டக் கூட்ட அடி குறுகி, ஓட்டம் படபடப்பாக மாறும். ஒரு படி வேகத்தைக் குறைத்தாலே பல குதிரைகளின் தோள் திறந்துகொள்கிறது.

எங்கள் ஹைலாண்ட் குதிரையைக் காட்டியபோது, எலும்பும் அழகும் நன்றாக இருக்கின்றன, இன்னும் கொஞ்சம் சதை போட வேண்டும் என்று பக்கத்தில் இருந்த அனுபவசாலி ஒருவர் சொன்னார். எங்கள் மருத்துவரோ இப்போது இருக்கும் எடையே அதிகம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – வாசகர், பெர்த்

மருத்துவர் பேச்சை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நாட்டு மட்டக்குதிரை குறைந்த தீனியில் பிழைக்கப் பழகிய உடம்பு. இயற்கையில் அது கோடையில் கொழுத்து, பனிக்காலத்தில் வற்றி, அடுத்த புல் முளைக்கும்போது மெலிந்த உடலோடு நிற்கும். நாம் செழித்த புல்வெளியில் விட்டு, குளிருக்குப் போர்வையும் போர்த்தி, அந்த வற்றும் பருவத்தையே இல்லாமல் செய்துவிடுகிறோம். சேர்ந்த கொழுப்பு இன்சுலின் செயல்பாட்டைக் கெடுக்கிறது. அதன் விளைவாக வரும் லாமினைட்டிஸ் நோயில், குளம்புச் சுவரை உள்ளே இருக்கும் எலும்போடு பிணைக்கும் மெல்லிய தகடுகள் அழற்சி கொண்டு பிடி விடுகின்றன. முற்றினால் எலும்பே குளம்புக்குள் சுழன்று இறங்கும். அதன்பின் காட்சிக் களம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சில சமயம் குதிரையே இல்லை.

உங்கள் கையால் நீங்களே சோதிக்கலாம். விலாவின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் வருடினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. தேடி அழுத்தினால்தான் கிடைக்கிறது என்றால் எடை மிஞ்சிவிட்டது. பிடரியின் மேடு இருபுறமும் வளையாமல் இறுகித் தடித்திருப்பதும், வால் தொடங்கும் இடத்தில் மெத்தென்ற திரட்சியும், பிட்டத்தின் நடுவில் தண்ணீர் தேங்குமளவுக்குப் பள்ளமும் கொழுப்பின் அடையாளங்கள். பிரிட்டனில் 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோலில் 3 என்பது நல்ல நிலை. களத்தில் 4-ஐத் தாண்டியவை இன்றும் நிற்கின்றன, சில பரிசும் பெறுகின்றன என்பதை மறுக்க மாட்டேன். அது நடுவர்களின் குறை. அதற்காக நம் குதிரை விலை கொடுக்க வேண்டியதில்லை.

அழகின் கணக்கிலும் கொழுப்பு நஷ்டம்தான். கழுத்தும் தோளும் சந்திக்கும் இடத்தில் கொழுப்பு படிந்தால் தோளின் சாய்வு மறையும், அடி குறுகும். ஹைலாண்டின் கனத்த எலும்பு கூட, மேலே உடம்பு ஊதிவிட்டால் மெலிந்ததாகத் தோன்றும். உங்களிடம் அந்த அனுபவசாலி கேட்டது உண்மையில் முதுகுத்தண்டின் இருபுறமும் பின்தொடையிலும் இருக்க வேண்டிய தசையாக இருக்கலாம். தசை தீனித் தொட்டியிலிருந்து வராது. மேட்டில் நடத்துவது, நீண்ட வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டுவது, தலையைத் தாழ்த்தி முதுகை நீட்டி நடக்கப் பழக்குவது ஆகியவற்றைப் பல வாரங்கள் விடாமல் செய்தால் வரும்.

எடை குறைக்கும்போது ஓர் எச்சரிக்கை. மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடற்கொழுப்பு மொத்தமாக இரத்தத்தில் கலந்து ஈரலைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. தீனி குறைய வேண்டும், நிற்கக் கூடாது. உலர்தீனியாகக் கணக்கிட்டு உடல் எடையில் 1.5 சதவீதம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதற்குக் கீழே தாமாக யாரும் போக வேண்டாம். வைக்கோற்புல்லை நீரில் ஊறவைத்து வடித்துக் கொடுத்தால் அதிலுள்ள சர்க்கரை குறையும். மேயும்போது அணிவிக்கும் வாய்க்கூடையும் உதவும். எடை அளக்கும் நாடாவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவரே சுற்றிக் குறித்துவந்தால் போக்கு தெரியும்.

சவாரி வகுப்பில் நடுவர் தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லும்போது என் மகன் எட்டு வடிவம், பின்னடி, பக்கநடை என்று எல்லாவற்றையும் செய்து காட்ட விரும்புகிறான். குதிரை நியூ ஃபாரஸ்ட். இது சரியா? – வாசகர், சவுத்தாம்ப்டன்

மகனின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், பட்டியலைப் பாதியாக்கச் சொல்லுங்கள். தனிக்காட்சிக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல். அமைதியான நடை, இரு பக்கமும் ட்ராட் (நடையைவிட வேகமான சீரான ஓட்டம்), இரு பக்கமும் கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல்), நீண்ட பக்கத்தில் ஒரு முழு வேக ஓட்டம், அதிலிருந்து சண்டையில்லாமல் இறங்கி வந்து, தளர்ந்த வாரில் அசையாமல் நிற்பது. நியூ ஃபாரஸ்ட் குடும்பத்துக்கே உரிய சவாரிக் குதிரை. யாரை ஏற்றினாலும் நிதானம் தவறாத குணம்தான் அதன் பெருமை. அந்தக் குணத்தைக் கடைசியில் வரும் அந்த நிற்றல் காட்டுமளவுக்குப் பக்கநடை காட்டாது. முழு வேக ஓட்டத்தை லாயத்தை நோக்கிய பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் மகனிடம் சொல்லிவையுங்கள். வீட்டு நினைவு வந்துவிட்டால் எந்த மட்டக்குதிரையும் வாருக்குக் கட்டுப்படாது.

வண்ண நெற்றிப்பட்டை, மினுங்கும் கடிவாளம் எல்லாம் கடைகளில் பார்க்க அழகாக இருக்கின்றன. எங்கள் வெல்ஷ் குதிரைகளுக்கு வாங்கலாமா? பிடிப்பவர் என்ன உடுத்த வேண்டும்? – வாசகி, கார்டிஃப்

வாங்காதீர்கள். வெல்வெட் சுற்றிய வண்ணப் பட்டைகள் ஹேக், ரைடிங் போனி வகுப்புகளைச் சேர்ந்தவை. நாட்டு இனத்துக்குச் சவாரியில் அகலமான எளிய தோல் கடிவாளமும், தோளை மறைக்காத நேர்வெட்டுச் சேணமும் போதும். கையில் பிடித்துக் காட்டும்போது பெட்டைக்கும் குட்டிக்கும் வெள்ளைத் தலைக்கயிறோ எளிய தோல் தலைவாரோ ஏற்கப்படும். பொலிகுதிரைக்கு வாயிரும்பு கட்டாயம். சவாரி செய்பவருக்கு ட்வீட் கோட்டு, கழுத்துப்பட்டை, கையுறை, தாடைவார் கொண்ட பாதுகாப்புத் தொப்பி. உங்கள் ஊர்ப்பக்கத்துக்கே உரிய விதிவிலக்கு ஒன்று உண்டு: பில்த் வெல்ஸ் அருகே லானெல்வெத்தில் ஜூலையில் நடக்கும் ராயல் வெல்ஷ் காட்சியில், காப் குதிரைகளோடு ஓடுபவர்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, ஓடுவதற்கேற்ற காலணியோடு வருவதைக் காணலாம். அந்தக் குதிரைக்கு ஈடுகொடுத்து ஓட, கோட்டும் கனத்த காலணியும் ஆகாது.

முகவாயில் நீண்டிருக்கும் மீசை மயிரை மழிக்க வேண்டுமா? – வாசகர், பிரிஸ்டல்

வேண்டாம். அவை குதிரையின் தொடு உறுப்புகள்; மூக்கின் நுனிக்கு அருகில் இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது, இந்த மயிர்களால்தான் அறிகிறது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் இவற்றை மழிப்பதை 2021 முதல் தடை செய்துவிட்டது. காட்சிக் களத்தில் பழைய வழக்கம் சிலரிடம் நீடிக்கிறது என்றாலும் மீசையோடு வந்த நாட்டுக் குதிரையைக் குறை சொல்ல எந்த நடுவருக்கும் நியாயம் இல்லை.

எங்கள் தாத்தா குதிரை என்றாலே சுழி பார்க்கச் சொல்வார். பிரிட்டிஷ் நடுவர்கள் சுழியைப் பார்ப்பார்களா? – வாசகி, லண்டன்

ராசிக்காகப் பார்ப்பதில்லை, பரிசையும் அது பாதிக்காது. ஆனால் சுழிக்கு அங்கே வேறொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் கட்டாயமான கடவுச்சீட்டில் உடல் வரைபடம் ஒன்று உண்டு; வெள்ளை அடையாளங்களைச் சிவப்பு மையாலும், சுழிகளைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாலும் மருத்துவர் அதில் குறிப்பார். ஒரே கறுப்பாக இருக்கும் இரண்டு ஃபெல் குதிரைகளைப் பிரித்தறிய இதைவிட எளிய வழி கிடையாது. காட்சிக்குக் கிளம்பும்போது அந்தக் கடவுச்சீட்டை மறக்காதீர்கள். குதிரைக் காய்ச்சலுக்கான தடுப்பூசிப் பதிவுகளை வாயிலிலேயே கேட்கும் காட்சிகள் உண்டு.

என் ஆறு வயது மகள் ஷெட்லாண்டில் ஏறி, நான் பிடித்துச் செல்லும் வகுப்பில் கலந்துகொள்ளப் போகிறாள். என் பங்கு என்ன? – வாசகர், எடின்பரோ

ஷெட்லாண்டின் உயர வரம்பு 42 அங்குலம். உங்கள் இடுப்பளவு குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது நீங்கள்தான் பெரிதாகத் தெரிவீர்கள், ஆகவே உங்களை ஒடுக்கிக்கொள்வது முதல் வேலை. பிடிகயிறு மூக்குப்பட்டையில் மட்டும் கோக்கப்பட வேண்டும், வாயிரும்பில் அல்ல. வாயோடு பேசும் வார் குழந்தையின் கையில் இருக்கட்டும். இந்த வகுப்பில் நடையும் ட்ராட்டும்தான், கேன்டர் கிடையாது. ட்ராட்டில் உங்கள் கால் நீண்டதாக இருப்பதால் குதிரையை இழுத்துக்கொண்டு போய்விடும் அபாயம் அதிகம். அடியைக் குறுக்கிக்கொண்டு, அதன் தோளுக்கு இணையாக ஓடிப் பழகுங்கள். குதிரை தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிக்கப் பார்க்கும்; மகள் வாரைத் தூக்குவதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ளாமல் ஒரு நொடி விட்டுப் பாருங்கள், அவளாகவே தூக்கினால் நடுவர் அதைக் கவனிப்பார். நடுவர் கேள்வி கேட்டால் குதிரையின் பெயரையும் வயதையும் மகளே சொல்லட்டும். வகுப்புக்கு முன் அவளைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள், வரிசையில் நிற்கும் நேரம் சில சமயம் அரை மணியைத் தாண்டும்.